சுறாவின் வாயினின்றும் மீண்டவர்: சேர் புரூக் வாட்சன் வரலாறு

கடல் சூழ்ந்த நாட்டிலே பிறந்து, கடற்காற்றை நுகர்ந்து வளர்ந்தவர் நாம். விடியற்காலையிற் கரையேறும் வலையிலே சுறா கிடந்து துடிப்பதையும், சந்தையிலே அது துண்டு துண்டாக விலைப்படுவதையும் நம்மிற் பலர் இளமைதொட்டுக் கண்டிருக்கின்றனர். மனிதன் சுறாவை உண்ணும் செய்தி நமக்குப் பழையது; சுறா மனிதனை உண்ண முயன்ற செய்தியோ கேட்டற்கு அரியது. அத்தகைய நிகழ்ச்சியொன்றினைத் தன்னகத்தே கொண்ட ஒரு வாழ்க்கை வரலாற்றை இவ்விழா மலரின் வாயிலாக மாணவர்க்கும், ஆசிரியர்க்கும், பழைய மாணவர்க்கும் எடுத்துக் கூற விழைகின்றோம்.

ஏறத்தாழ 275 ஆண்டுகளுக்கு முன்னர், பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் தொலைதூரத் துறைமுகமொன்றிலே தனியே நீந்தினான். சுறா அவனது வலக்காலைக் கவ்வியது. தாயுமில்லை, தந்தையுமில்லை, கையிற் பொருளுமில்லை. அச்சிறுவன் பிற்காலத்தில் இலண்டன் மாநகரத்தின் நகரபிதாவாகவும், பாராளுமன்ற உறுப்பினராகவும், இங்கிலாந்து வங்கியின் பணிப்பாளராகவும் உயர்ந்தான். அவனே சேர் புரூக் வாட்சன். அவன் எவ்வாறு உயிர் மீண்டான்? மீண்ட உயிரை எவ்வாறு செலவிட்டான்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புரூக் வாட்சன் 1735ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள பிளிமத் என்னும் துறைமுகப் பட்டினத்திற் பிறந்தான். அவன் பெற்றோர்க்கு ஒரே மகன். ஆறு வயதளவிலே பெற்றோர் இருவரையும் இழந்தான். ஆதரிப்பாரற்ற அக்குழந்தையை அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பால், அக்காலத்தில் ஆங்கிலேயரின் குடியேற்றமாயிருந்த மசச்சூசெட்ஸ் நாட்டின் பொஸ்டன் நகரத்துக்கு அனுப்பினர். ஆங்கிருந்த உறவினர் ஒருவர் மேற்கிந்திய தீவுகளோடு கப்பல் வாணிகம் நடத்தியவர். அவர் வீட்டிலே சிறுவன் வளர்ந்தான்.

துறைமுகத்திற் பிறந்து துறைமுகத்தில் வளர்ந்த பிள்ளையின் உள்ளம் கடலை நாடியது வியப்பன்று. பாய் விரித்துப் புறப்படும் கப்பல்களைக் காணுந்தோறும் தானும் அவற்றிலே செல்லவேண்டுமென்னும் வேட்கை அவனுள்ளே வளர்ந்தது. அவ்வேட்கையினை அறிந்த உறவினர் தமது வாணிகக் கப்பலொன்றிலே அவனுக்கு வேலை கொடுத்தார். இக்காலத்திலே பதினான்கு வயதுப் பிள்ளை புத்தகப் பையோடு பாடசாலைக்குச் செல்வான். அக்காலத்திலோ அவ்வயதுடையார் கப்பலிலே பாய்மரம் ஏறுவதும் தட்டுக் கழுவுவதும் வழக்கமாயிருந்தன.

1749ஆம் ஆண்டிலே அக்கப்பல் கியூபாத் தீவின் தலைநகராகிய ஹவானாத் துறைமுகத்தில் நங்கூரமிட்டு நின்றது. கியூபா அப்பொழுது ஸ்பானியரின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. வெப்பமண்டலத்துக் கதிரவனின் வெம்மையால் வருந்திய சிறுவன், நீராடி உடல் குளிர்விக்கக் கருதிக் கடலிற் குதித்தான். உடன் நீந்துவார் எவருமிலர். கப்பற்றலைவனைக் கரைக்கு ஏற்றிச் செல்லும்பொருட்டு மாலுமிகள் சிலர் சிறுபடகொன்றிலே அண்மையிற் காத்திருந்தனர். அப்படகு அங்கே நின்றமையே அவனது நல்லூழ் என்று பின்னர்த் தெரிந்தது.

நீந்திக்கொண்டிருந்தவனை நீருக்கடியினின்றும் சுறாவொன்று பற்றியது. முதன்முறை பற்றியபொழுது வலக்காலின் கெண்டைச்சதை முழுவதையும் அது பறித்துச் சென்றது. சிறுவனை ஆழத்துக்கும் இழுத்தது. அவன் மீண்டும் மேலே வந்தான். படகிலிருந்தோர் விரைந்து துடுப்பு வலித்தனர். அவர்கள் அணுகுமுன் சுறா இரண்டாம் முறையும் வந்து, அதே காலின் பாதத்தைக் கணுக்காலோடு கடித்தெடுத்தது. மூன்றாம் முறையும் அது பாய்ந்து வந்தவேளை படகு அவனை எட்டிவிட்டது. சிலர் படகின் விளிம்பிலே சாய்ந்து கை நீட்டிச் சிறுவனைப் பற்றினர். ஏனையோர் சுறாவைத் தாக்கி விலக்கினர். ஒரு கணம் தாழ்ந்திருப்பின் அவனது வரலாறு அவ்விடத்திலேயே முடிந்திருக்கும்.

ஹவானாவிலுள்ள வைத்தியசாலைக்கு அவனைக் கொண்டு சென்றனர். காலை முழங்காலுக்குக் கீழே வெட்டியகற்றுவதன்றி வேறு வழியிருக்கவில்லை. மயக்கமருந்தின் பயனைப் பலரறிய மெய்ப்பித்துக் காட்டிய புகழ்பெற்ற சத்திரசிகிச்சை 1846ஆம் ஆண்டிலேதான், அதுவும் அவன் வளர்ந்த பொஸ்டன் நகரிலேயே, நடைபெற்றது. புண்ணிலே நச்சுக்கிருமி சேராது காக்கும் முறையை லிஸ்டர் என்னும் பேரறிஞர் 1867ஆம் ஆண்டிலே வெளியிட்டார். இவ்விரண்டும் தோன்றாத காலத்திலே, உணர்வு இருக்கும்போதே, அவன் கால் வெட்டப்பட்டது என்பதை நாம் நினைத்துப் பார்த்தல் வேண்டும். அத்தகைய சிகிச்சைக்குப் பின் இறந்தோர் எண்ணற்றோர். அவனோ மூன்று மாதங்களிற் குணமடைந்து, மரக்கால் பூண்டு பொஸ்டனுக்குத் திரும்பினான்.

திரும்பியவனுக்கு வீடில்லை. அவனை ஆதரித்த உறவினர் வாணிகத்திலே நட்டமடைந்து நகரைவிட்டு நீங்கியிருந்தார். பெற்றோரை இழந்து, காலை இழந்து, இருந்த ஒரு நிழலையும் இழந்து நின்ற அப்பிள்ளையின் நிலை எவர் நெஞ்சையும் உருக்கும். அவ்வேளையில் இரண்டாம் முறையும் ஒரு கை அவனை நோக்கி நீண்டது. நோவா ஸ்கோஷியா நாட்டிலே படைகளுக்கு உணவுப்பொருள் வழங்கும் வாணிகம் செய்த யோன் ஹியூஸ்டன் என்னும் கப்பற்றலைவர் அவனைத் தம்மோடு அழைத்துச் சென்றார். அவரிடத்திலே அவன் கணக்குப்பதிவும் கடிதத் தொடர்பும் கொள்வனவு விற்பனவும் பழகினான். உடலுழைப்புக்கு உதவாத கால் அவனைக் கணக்கேட்டின்பால் திருப்பியது. ஊக்கமும் நேர்மையும் கண்ட அதிகாரிகள் அவன்மீது நம்பிக்கை வைத்தனர்.

அக்காலத்திலே அப்பகுதியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் எதிரெதிரே கோட்டை கட்டி வாழ்ந்தனர். இரு பகுதிக்கும் எல்லையாக மிசாகுவாஷ் என்னும் ஆறு ஓடியது. ஒருநாள் ஆங்கிலேயரின் மாடுகள் சில ஆற்றைக் கடந்து பிரெஞ்சுக்காரரின் பக்கத்துக்குச் சென்றுவிட்டன. அவற்றை மீட்டுவர எவரும் முன்வராதபோது, மரக்கால் பூண்ட வாட்சன் தானே ஆற்றில் இறங்கி நீந்திச் சென்று மாடுகளை ஓட்டி வந்தான் என்று ஒரு கதை வழங்குகின்றது. மறித்து வினவிய பிரெஞ்சு வீரனுக்கு, அரசனோடும் நிலத்தோடும் தனக்கு வழக்கில்லை, மாட்டைக் காப்பதே தன் வேலை என்னுங் கருத்துப்பட அவன் விடையிறுத்தானாம். கதையின் அழகு விடையிலன்று; சுறா கடித்தவன் மீண்டும் நீரில் இறங்கினான் என்பதிலேயே உள்ளது. சூடுகண்ட பூனை அடுப்பங்கரையை அணுகாது என்பர். அவனோ அச்சத்தை நெஞ்சிலே குடியிருத்த மறுத்தான்.

எனினும் ஒருவர் வரலாற்றை எழுதப் புகுவோர் ஒளியை மாத்திரம் காட்டி இருளை மறைத்தல் தகாது. 1755ஆம் ஆண்டிலே ஆங்கிலேயர் போசெஷூர்க் கோட்டையைக் கைப்பற்றினர். அதன்பின் அந்நிலத்திலே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்த அக்கேடியர் என்னும் பிரெஞ்சுமொழிக் குடிகளை வீடுவாசலினின்றும் எழுப்பிக் கப்பல்களிலேற்றி நாடுகடத்தினர். தாய் ஒரு கப்பலிலும் பிள்ளை மறு கப்பலிலுமாகப் பிரிந்த குடும்பங்கள் பல. பே வேர்ட் என்னுமிடத்திலே அக்காரியத்தை மேற்பார்வை செய்ய அனுப்பப்பட்டவர் இருபது வயதினரான வாட்சன் ஆவர். அநாதையாகக் கடல் கடந்து வந்தவரே பிறரை அநாதைகளாக்கிக் கடல் கடத்தும் பணியிலே பங்கு கொண்டார். அந்நினைவு அவரை விட்டு நீங்கவில்லை போலும். 1791ஆம் ஆண்டிலே எழுதிய கடிதமொன்றில் அம்மக்களின் நற்குணங்களைப் பாராட்டி எழுதியுள்ளார். ஆயினும் பாராட்டு அவர்தம் வீடுகளை மீட்டுக் கொடுக்கவில்லை.

1758ஆம் ஆண்டு லூயிஸ்பேர்க் முற்றுகையிலே புகழ்பெற்ற தளபதி வுல்ஃப் என்பாரின் கீழ் உணவு வழங்கும் அதிகாரியாகப் பணியாற்றினார். மரக்கால் அதிகாரி என்று படைவீரர் அவரை அழைத்தனர். 1759ஆம் ஆண்டிலே இலண்டன் சென்று வணிகரானார். அடுத்த ஆண்டு எடின்பரோ நகரத்துப் பொற்கொல்லர் ஒருவரின் மகளாகிய ஹெலன் கம்பல் என்பாரை மணந்தார். கடல்கடந்த வாணிகத்தால் அவரது செல்வம் பெருகிற்று.

அவர் தொடர்புகொண்ட நிறுவனங்களுள் லொயிட்ஸ் என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. ஒரு கப்பல் கடலில் மூழ்கினால் அதன் உரிமையாளன் ஒருவனே அழிந்துபோகாதவாறு, அந்நட்டத்தைப் பலர் சிறிது சிறிதாகப் பகிர்ந்து ஏற்கும் காப்புறுதி முறைக்கு அது நடுநிலையமாக விளங்கியது. அதன் தொடக்ககாலக் குழுவிலே 1772ஆம் ஆண்டில் வாட்சன் உறுப்பினரானார். 1796 முதல் 1806 வரை அதன் தலைவராகவும் இருந்தார். கடலின் இடரைத் தன் உடலாலே கற்றவர், அவ்விடரைப் பலர் தோளிலே பகிர்ந்து சுமத்தும் நிறுவனத்துக்குத் தலைமை தாங்கியது பொருத்தமேயாம்.

அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் பிரித்தானிய அரசுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தபோது வாட்சன் அரசின் பக்கமே நின்றார். 1775ஆம் ஆண்டிலே மொன்றியல் நகரருகே சிறைப்பட்ட ஈதன் அலன் என்னும் அமெரிக்க வீரரும் அவர் தோழர்களும் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் ஒப்புவிக்கப்பட்டது வாட்சனிடத்தே. அப்பயணத்திலே தாம் விலங்கிடப்பட்டு நெருக்கடியிலே துன்புறுத்தப்பட்டதாக அலன் பின்னர் நூலெழுதி முறையிட்டார். போர் முடிவுற்ற 1783ஆம் ஆண்டிலோ வாட்சன் நியூயோக்கிலே உணவுத்துறைத் தலைவராக இருந்து, அரசுக்கு உண்மையாயிருந்த அகதிகள் நோவா ஸ்கோஷியாவிற் குடியேற உதவினார். அந்நகரை விட்டு அவ்வாண்டிற் கப்பலேறியவர்களுள் விடுதலைபெற்ற ஆபிரிக்கர் ஏறத்தாழ 3000 பேரும் இருந்தனர். இவ்வாறு வன்மையும் மென்மையும் ஒருவரிடத்தே மாறிமாறித் தோன்றக் காண்கின்றோம்.

இவரது பெயரை உலகறியச் செய்தது இவரது செல்வமன்று, பதவியுமன்று, ஓர் ஓவியமே. பொஸ்டனிற் பிறந்த யோன் சிங்கிள்டன் கொப்ளி என்னும் ஓவியர் 1774ஆம் ஆண்டிலே அந்நகரைவிட்டு நீங்கி, பின் இலண்டனிற் குடியேறினார். வாட்சனின் இளமைக்கால நிகழ்ச்சியை அவர் ஏறத்தாழ ஆறடி உயரமும் ஏழரையடி அகலமுமுள்ள பெரிய துணியிலே தீட்டி, 1778ஆம் ஆண்டிலே அரச கலைக்கழகத்திற் காட்சிக்கு வைத்தார். அரசரும் தளபதிகளும் தெய்வங்களுமே பெருஞ்சித்திரத்துக்கு உரியவரென்று கருதிய காலம் அது. பெயரறியாக் கப்பற்சிறுவன் ஒருவனுக்கு நேர்ந்த இடரை அத்துணைப் பெரிதாகத் தீட்டியது புதுமையாயிருந்தது. கண்டோர் மலைத்து நின்றனர்.

அவ்வோவியத்தை நாமும் சிறிது உற்று நோக்குவோம். முன்பக்கத்திலே நீரில் மல்லாந்து மிதக்கின்றான் சிறுவன். ஒரு கை மேல்நோக்கி நீண்டுள்ளது. வாய் பிளந்த சுறா அவனை நெருங்குகின்றது. படகிலே ஒன்பதுபேர். இருவர் விளிம்புக்கு வெளியே சாய்ந்து கை நீட்டுகின்றனர். ஒருவர் முன்னணியத்தில் நின்று ஈட்டியை ஓங்குகின்றார். ஏனையோர் துடுப்பைப் பற்றியுள்ளனர். அவர்களெல்லார்க்கும் மேலாக நடுவிலே நிற்பவர் ஆபிரிக்க மாலுமி ஒருவர். அவர் கையிலிருந்து புறப்பட்ட கயிறு சிறுவன்பால் வந்து கிடக்கின்றது. ஓவியர் ஹவானாவைக் கண்டவரல்லர். சுறாவையும் சரியாக அறிந்தவரல்லர் என்பது அவர் தீட்டிய சுறாவின் உதடுகளையும் கண்களையும் நோக்கும் நம் கடற்றொழிலாளர் எவர்க்கும் விளங்கும். ஆனால் ஒன்றை அவர் பிழையின்றி அறிந்திருந்தார். சிறுவன் தன்னைத் தானே காத்துக்கொள்ளவில்லை. பலர் சேர்ந்து காத்தனர் என்பதே அது.

1784ஆம் ஆண்டிலே வாட்சன் இலண்டன் நகரத்தின் பாராளுமன்ற உறுப்பினராகத் தெரிவு செய்யப்பட்டார். அவ்வாண்டிலேயே இங்கிலாந்து வங்கியின் பணிப்பாளருமானார். பகைவர் அவரது மரக்காலையும் விட்டுவைக்கவில்லை. சுறா காலுக்குப் பதிலாகத் தலையைக் கொண்டு சென்றிருப்பினும் மரத்தலை ஒன்று வைத்துக் குறையை நிரப்பியிருக்கலாமென்று எள்ளிப் பாட்டெழுதினர். அவர் அதனைப் பொருட்படுத்தாது தம் வழியே சென்றார்.

பாராளுமன்றத்தில் அவர் செய்த ஒரு காரியம் அந்த எள்ளலைவிட நம்மை அதிகம் வருத்துகின்றது. ஆபிரிக்க மக்களைப் பிடித்து விற்கும் அடிமை வாணிகத்தை ஒழிக்கவேண்டுமென்று வில்பர்போஸ் என்னும் பெரியார் வாதாடியபோது, வாட்சன் அதற்கு எதிர்ப்பக்கம் நின்றார். நியூபவுண்ட்லாந்து மீன்பிடியிலே கிடைக்கும் இழிந்த மீனை வாங்குவோர் மேற்கிந்திய தீவுகளின் அடிமைகளுக்கு உணவளிப்போரே. ஆதலால் அவ்வாணிகம் ஒழிந்தால் மீன்வாணிகமும் கெடும் என்பது அவர் காட்டிய நியாயம். 1791ஆம் ஆண்டிலே வில்பர்போசின் பிரேரணை தோல்வியுற்றது. தம்மைப் பற்றிய ஓவியத்தின் நடுவிலே கயிறு பிடித்து நிற்கும் ஆபிரிக்கரை அவர் எத்தனை முறை நோக்கியிருப்பார்! நோக்கியும் அக்கையின் கடனை அவர் உணர்ந்தாரில்லை. அடிமை வாணிகத்தைத் தடுக்கும் சட்டம் 1807ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே நிறைவேறியது. அதே ஆண்டு ஒக்டோபரிலே வாட்சன் காலமானார்.

1796ஆம் ஆண்டிலே அவர் இலண்டன் நகரபிதாவானார். கொழும்பு ஒல்லாந்தரின் கையினின்றும் ஆங்கிலேயரின் கைக்கு மாறியதும் அவ்வாண்டேயாம். அதனையடுத்து ஆங்கிலேயர் மன்னார்க் கடலிலே முத்துக்குளிப்பு நடத்தினர். அங்கே சுறாவின் வாயைக் கட்ட வல்லவரெனக் கருதப்பட்ட கடற்கட்டி என்பார் வந்து மந்திரம் செபித்தாலன்றிக் குளியாட்கள் நீரில் இறங்க மறுத்தனர். அவர்க்கு ஊதியம் கொடுக்க ஆங்கில அரசும் இணங்க நேர்ந்தது. மந்திரம் குளியாளின் நெஞ்சுக்குத் துணிவளித்தது. அவனை ஆழத்தினின்றும் மேலே கொணர்ந்தது தோணியிலிருந்தவன் பிடித்த கயிறேயாம். குளியாள் கயிற்றை அசைத்த மாத்திரத்தில் இழுக்கவேண்டியது மேலிருப்பவனின் கடமை. கொப்ளியின் ஓவியத்திற் காணும் கயிற்றுக்கும் மன்னார்க் கயிற்றுக்கும் பொருள் ஒன்றே.

1803ஆம் ஆண்டிலே அரசு வாட்சனுக்குப் பரனெற் என்னும் பட்டத்தை அளித்தது. அவர் தமக்கென அமைத்துக்கொண்ட குலச்சின்னம் விந்தையானது. கடற்றெய்வம் சூலத்தால் சுறாவை விலக்குவதும், துண்டிக்கப்பட்ட கால் ஒன்றும் அதிற் பொறிக்கப்பட்டன. தம் குறையை மறைக்க நாணாது, அதனையே குடிப்பெருமையாக்கிக்கொண்ட நெஞ்சுரம் போற்றத்தக்கது. 1807ஆம் ஆண்டு ஒக்டோபர் 2ஆம் நாள் அவர் இறந்தார். பிள்ளைகள் இலர்.

இறப்பதற்கு முன் எழுதிய மரணசாசனத்திலே அவ்வோவியத்தைக் கிறைஸ்ற்ஸ் ஹொஸ்பிற்றல் என்னும் நிறுவனத்துக்கு அளித்தார். பெயரைக் கேட்டு அதனை வைத்தியசாலையென மயங்குதல் வேண்டா. அது வறிய பிள்ளைகளுக்கும் தந்தையற்ற பிள்ளைகளுக்குமாக 1552ஆம் ஆண்டிலே இலண்டனில் நிறுவப்பெற்ற பாடசாலை. அதன் மண்டபத்திலே தொங்கும் ஓவியம் இளைஞர்க்குப் படிப்பினையாதல் வேண்டுமென்பது அவர் விருப்பம். அநாதையாய் உடற்குறையோடு நின்ற சிறுவனும் முயற்சியாலும் நேர்மையாலும் உயரலாமென்னுங் கருத்தே ஓவியத்தின் சட்டத்தில் எழுதப்பட்டது. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாகப் பாடசாலைப் பிள்ளைகள் அதனைக் கண்டு வளர்ந்தனர். 1963ஆம் ஆண்டிலே அது வாஷிங்டன் நகரத்துத் தேசிய ஓவியக்கூடத்துக்குச் சென்றது. ஓவியரே தீட்டிய மற்றொரு பெரும்பிரதி பொஸ்டனில் உள்ளது.

இனி இவ்வரலாற்றினின்றும் நாம் கொள்ளத்தக்கவற்றை நோக்குவோம். முதலாவது கடலைப் பற்றியது. இதனைப் படித்த மாணவர் சுறாவுக்கு அஞ்சிக் கடலை வெறுத்தல் வேண்டா. சுறாவினங்கள் 500க்கு மேற்பட்டன. அவற்றுள் மனிதர்க்குப் பெரும்பாலும் உயிரிடர் விளைப்பன வெண்சுறா, புலிச்சுறா, காளைச்சுறா என்னும் மூன்றே. மனிதன் சீண்டாமலே அவை கடித்தனவாக உலகெங்கணும் 2024ஆம் ஆண்டிலே உறுதிசெய்யப்பட்ட நிகழ்ச்சிகள் 47 மாத்திரமே. நீரில் மூழ்கி இறந்தோரோ, உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021ஆம் ஆண்டிலே ஏறத்தாழ 3 இலட்சம் பேர். ஆகவே கடலிலே நாம் அஞ்சத்தக்கது சுறாவின் பல்லைவிட நம்முடைய கவனக்குறைவையே.

வாட்சன் செய்த பிழைகள் இன்றும் செய்யப்படுகின்றன. அவன் தனியே நீந்தினான். நீரின் இயல்பை அறியாத புதிய இடத்திலே இறங்கினான். கப்பல்கள் நின்று கழிவுகளை எறியும் துறைமுகத்தைத் தெரிந்தான். மீன்கழிவு மிதக்குமிடத்திலும், ஆற்றுமுகத்துக் கலங்கல் நீரிலும், அந்தியிலும் விடியற்பொழுதிலும், உடலிலே குருதி கசியும் காயம் இருக்கும்போதும் கடலில் இறங்காதிருத்தல் அறிவுடைமை. அலை கரையைவிட்டு உள்ளே இழுக்குமாயின் அதனை எதிர்த்து நீந்திக் களைத்துப்போகாது, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்நீரோட்டத்தினின்றும் நீங்கிப் பின்னர்க் கரை சேர்தல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, துணையின்றி எவரும் நீந்தலாகாது. கரையிலோ படகிலோ ஒருவர் கண்ணிமையாது காத்திருத்தல் வேண்டும். தோழர் நீந்துகையிலே கரையிலிருந்து கதை பேசுவோர் தம் கையிலும் ஒரு கயிறு இருக்கின்றதென்பதை மறவாதிருப்பாராக.

இரண்டாவது வாழ்க்கையைப் பற்றியது. ஒற்றைக் காலோடு உலகிலே நிமிர்ந்து நின்ற வாட்சனின் முயற்சி மெச்சத்தக்கது. சிறு குறையைக் காட்டிப் பெருமுயற்சியைக் கைவிடும் இளைஞர்க்கு அவர் வாழ்வு நல்லதொரு மருந்து. ஆயினும் முயற்சி ஒன்றே மனிதனை முழுமையாக்காது. துன்பத்தை அனுபவித்தவன் பிறர் துன்பத்தைத் தானே உணர்வான் என்று நாம் எளிதாகக் கருதுகின்றோம். இவ்வரலாறு அவ்வாறன்று என்று காட்டுகின்றது. அத்துணை உணர்வும் பயின்றே பெறவேண்டியதொன்று. தாம் பெற்ற உதவியை ஏட்டிலே பதிந்து, தாம் செய்யவேண்டிய உதவியைப் பதியாது விட்ட கணக்கர்போல் அவர் சில வேளைகளில் நடந்துகொண்டார்.

ஹவானாத் துறையிலே அன்று படகு வலித்த மாலுமிகளின் பெயர்கள் வரலாற்றேட்டிலே இல்லை. அவர்கள் நகரபிதாக்களாகவுமில்லை, பட்டம் பெறவுமில்லை. எனினும் அவர்கள் கை நீட்டியிராவிடில் வாட்சனின் புகழுக்கு இடமேயில்லை. நம் ஒவ்வொருவருடைய உயர்ச்சிக்குப் பின்னும் அவ்வாறு கை நீட்டியோர் உளர்: வறுமையிலும் கல்வி தந்த பெற்றோர், எழுத்தறிவித்த ஆசிரியர், இடர்வந்துழி நீங்காத நண்பர். விழாக் காலம் அவர்களை நினைக்கும் காலம். நினைத்தலோடமையாது, நம் கைக்கெட்டிய தூரத்திலே தத்தளிப்பவர் யாரெனத் தேடி, அவர்பால் நம் கையை நீட்டுவோமாயின், அதுவே பெற்ற கடனைத் தீர்க்கும் வழியாகும்.